ராஸ்பெரி பையை வீட்டு நெட்வொர்க்கில் லேப்டாப்பிலிருந்து இயக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதையும் செருகாமல் ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியை அலமாரி மூலையில் வைத்துவிட்டு, எல்லா வேலையையும் லேப்டாப்பிலிருந்தே செய்ய நினைப்பவர்களுக்கானது இந்தப் பக்கம். 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பு ராஸ்பெரி பை ஓஎஸ்ஸை (அதன் இயங்குதளத்தை) மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். கட்டளைகளும் பிழைச்செய்திகளும் தமிழெழுத்தில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

தொடங்கும் முன் ஒன்று. "பை கிடைக்கவில்லை" என்றதும் பலர் செய்யும் முதல் காரியம், மெமரி கார்டை அழித்துத் திரும்ப எழுதுவது. பெரும்பாலும் அது தேவையே இல்லை. மின்சாரம், வைஃபை, முகவரி, எஸ்எஸ்ஹெச், கடவுச்சொல் என்று ஐந்து படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பிழைச்செய்தியே சொல்லிவிடும்.

எஸ்எஸ்ஹெச் என்றால் என்ன? வேறு வழியே இல்லையா?

தொலைவிலுள்ள கணினியின் கட்டளைத் திரையை, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, உங்கள் திரைக்குக் கொண்டுவரும் முறை அது. அதற்கு முன் புழங்கிய டெல்நெட்டில் கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகப் போகும். ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகுதான் 1995இல் தாத்து யுலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்தான் போர்ட். டெல்நெட்டின் போர்ட் 23, எஸ்எஸ்ஹெச்சுக்கு 22. டெஸ்க்டாப்பை அப்படியே பார்க்க விஎன்சி இருக்கிறது, அது கீழே வருகிறது. ஆனால் எஸ்எஸ்ஹெச்சை முதலில் சரிசெய்துவிட்டால் மற்றவையெல்லாம் அதன் வழியாகவே முடியும்.

என்னென்ன வேண்டும்?

பை, 16 அல்லது 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, கார்டு ரீடர், சரியான பவர் அடாப்டர். முடிந்தால் முதல் நாளுக்கு மட்டும் ஒரு லேன் கேபிள்.

அடாப்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள். பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர், பை ஜீரோ 2 டபிள்யூவுக்கு 5 வோல்ட் 2.5 ஆம்பியர். "என்னிடம் 65 வாட் போன் சார்ஜர் இருக்கிறதே" என்று பலர் கேட்பார்கள். அந்த 65 வாட் 9, 15, 20 வோல்ட்டில் கிடைப்பது. பை கேட்பது 5 வோல்ட் மட்டுமே, அந்த அளவில் பெரும்பாலான சார்ஜர்கள் 3 ஆம்பியருக்கு மேல் தராது. பை 5 மூன்று ஆம்பியரிலும் ஓடும், ஆனால் யுஎஸ்பி சாதனங்களுக்குத் தரும் மின்னோட்டத்தை 600 மில்லி ஆம்பியராகக் குறைத்துக்கொள்ளும்.

மெல்லிய, நீளமான கேபிளும் வோல்ட்டேஜைத் தின்றுவிடும். பைக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறைமின்னழுத்தம் என்று அது குறித்துக்கொள்ளும். உள்ளே நுழைந்த பிறகு "விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்" என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். விடை 0எக்ஸ்0 என்றால் நலம். 0எக்ஸ்50000 என்றால் இப்போது சரி, ஆனால் பூட் ஆனதிலிருந்து, அதாவது பை இயங்கத் தொடங்கியதிலிருந்து, ஒரு முறையாவது மின்சாரம் குறைந்திருக்கிறது. 0எக்ஸ்50005 என்றால் இந்த நொடியிலும் குறைவுதான். வைஃபை விட்டுவிட்டு வேலை செய்வதற்குக் காரணம் பல நேரங்களில் இதுதான்.

கார்டை எழுதும்போது எதை மறக்கக் கூடாது?

ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவசச் செயலியில் மாடல், ஓஎஸ், கார்டு மூன்றையும் தேர்ந்தெடுத்ததும் செட்டிங்ஸை அமைக்கும் படி வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நிரப்ப வேண்டியவை: ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் பையின் பெயர்), பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை பெயரும் கடவுச்சொல்லும், வைஃபை நாடு. பிறகு எஸ்எஸ்ஹெச்சை இயக்கும் கட்டத்தில் டிக். இந்தக் கடைசி டிக்தான் அதிகம் மறந்துபோவது.

வீட்டில் இரண்டாவது பை வர வாய்ப்பிருந்தால் ஹோஸ்ட்நேமை ராஸ்பெரிபை என்றே விடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எதற்குள் நுழைகிறோம் என்பதே குழப்பமாகிவிடும்.

நாட்டுக் குறியீடு வெறும் சம்பிரதாயம் இல்லை. எந்த அலைவரிசைச் சேனல்களைப் பயன்படுத்தலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அது அமையாதவரை வைஃபை ரேடியோவே பூட்டிக் கிடக்கும்.

பயனர் பெயர் "பை", கடவுச்சொல் "ராஸ்பெரி" என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எனக்கு ஏன் வேலை செய்யவில்லை?

அவை பழைய வீடியோக்கள். 2022 ஏப்ரலில் அந்தப் பொதுப் பயனர் கணக்கு நீக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 2016 நவம்பரிலிருந்து எஸ்எஸ்ஹெச் இயல்பாக அணைத்தே வருகிறது. உலகத்துக்கே தெரிந்த கடவுச்சொல்லோடு ஆயிரக்கணக்கான பைகள் இணையத்தில் திறந்து கிடக்கக் கூடாது என்பதற்காகச் செய்த மாற்றங்கள் இவை. இப்போது நீங்கள் வைத்த பெயர்தான் பெயர்.

கார்டை எழுதி முடித்த பிறகுதான் எஸ்எஸ்ஹெச் டிக் போடாதது நினைவுக்கு வந்தது. மறுபடி எழுத வேண்டுமா?

வேண்டாம். கார்டை லேப்டாப்பில் செருகினால் "பூட்எஃப்எஸ்" என்ற பெயரில் ஒரு பகுதி தெரியும். அதற்குள் "எஸ்எஸ்ஹெச்" என்ற மூன்று எழுத்துப் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்குங்கள். விண்டோஸ் தானாக டாட் டிஎக்ஸ்டி என்று வால் சேர்த்தாலும் பரவாயில்லை, பை அதையும் ஏற்றுக்கொள்ளும். அடுத்த முறை பூட் ஆகும்போது எஸ்எஸ்ஹெச் இயங்கத் தொடங்கும்.

பயனர் கணக்கும் உருவாக்கவில்லை என்றால் அதே இடத்தில் "யூசர்கான்ஃப் டாட் டிஎக்ஸ்டி" என்ற கோப்பு வேண்டும். அதில் ஒரே ஒரு வரி: பயனர் பெயர், முக்காற்புள்ளி, மறையாக்கம் செய்த கடவுச்சொல். மறையாக்கத்தை லினக்ஸில் "ஓபன்எஸ்எஸ்எல் பாஸ்டபிள்யூடி", இடைவெளி, ஹைஃபன் 6 என்ற கட்டளை தரும். கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைத்தால் வேலை செய்யாது.

பழைய கட்டுரைகள் வைஃபைக்காக இதே இடத்தில் "டபிள்யூபிஏ_சப்ளிகன்ட் டாட் கான்ஃப்" என்ற கோப்பை வைக்கச் சொல்லும். புக்வார்மில் நெட்வொர்க் நிர்வாகம் நெட்வொர்க்மேனேஜருக்கு மாறிவிட்டதால் அந்த வழி பலிக்காது. வைஃபையை மறந்திருந்தால் லேன் கேபிளில் உள்ளே போய், "சூடோ என்எம்டியூஐ" என்று தட்டினால் வரும் மெனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

பை வைஃபையில் சேரவே இல்லை. எதைப் பார்ப்பது?

முதலில் மாடலைப் பாருங்கள். ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ, 3 பி ஆகியவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்து, அதை இமேஜரில் கொடுத்திருந்தால் அந்தப் பெயர் அந்தப் பையின் கண்ணில் படவே படாது. 3 பி பிளஸ், 4, 5 மூன்றுக்கும் இரண்டும் தெரியும்.

அடுத்து எழுத்துப் பிழை. வைஃபை பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. கடைசியில் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளிகூடப் பெயரை மாற்றிவிடும். ஐபோன் ஹாட்ஸ்பாட் என்றால் இயல்பான பெயரில் வரும் வளைந்த மேற்கோள் குறியைக் கீபோர்டில் தட்டுவது கடினம். போனின் பெயரையே எளிதாக மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு முறை. ரூட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைந்திருந்தால் டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

முதல் முறை பூட் ஆகும்போது பை கார்டின் அளவை விரிவாக்கி, தன்னைத்தானே மறுதொடக்கம் செய்யும். குறைந்தது 3 நிமிடம், ஜீரோ வகையில் 5 நிமிடம் பொறுங்கள். பொறுமையிழந்து நடுவில் பவரைப் பிடுங்கினால் வேறொரு தொல்லை வரும், அதைப் பிழைச்செய்திகளுக்கான விடையில் சொல்கிறோம்.

பையின் ஐபி முகவரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பல நேரங்களில் முகவரியே தேவைப்படாது. ஹோஸ்ட்நேமுக்குப் பின் டாட் லோக்கல் சேர்த்தால் போதும்: "பிங் ராஸ்பெரிபை டாட் லோக்கல்". எம்டிஎன்எஸ் என்ற முறையில், "இந்தப் பெயர் யாருடையது" என்று வீட்டு நெட்வொர்க் முழுவதும் கேட்கப்படும், பை தானே பதில் சொல்லும். மேக், விண்டோஸ் 10, 11, பெரும்பாலான லினக்ஸ் எல்லாவற்றிலும் இது உண்டு. விண்டோஸில் எஃப்இ80 என்று தொடங்கும் நீண்ட முகவரி வந்தால் பயப்பட வேண்டாம், அது ஐபிவி6. பிங்குக்குப் பின் ஹைஃபன் 4 சேர்த்தால் பழகிய வடிவில் வரும்.

பெயர் பலிக்காவிட்டால் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து டிஹெச்சிபி பட்டியலை, அதாவது எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி கொடுத்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். ரூட்டரின் முகவரி பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோஃபைபர் ரூட்டரில் 192.168.29.1. ஊகிக்கத் தேவையில்லை. விண்டோஸில் "ஐபிகான்ஃபிக்" தட்டினால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பது அதுதான்.

பட்டியலில் பெயர்கள் புரியாவிட்டால் மேக் முகவரியின் (ஆப்பிள் மேக் இல்லை, ஒவ்வொரு சாதனத்தின் நெட்வொர்க் பகுதிக்கும் உள்ள அடையாள எண்) முதல் மூன்று ஜோடிகளைப் பாருங்கள். பி8-27-ஈபி, டிசி-ஏ6-32, ஈ4-5எஃப்-01, டி8-3ஏ-டிடி, 2சி-சிஎஃப்-67 ஆகியவை ராஸ்பெரி பைக்கு உரியவை. ரூட்டருக்குள் போக முடியாதவர்கள் லேப்டாப்பில் நெட்வொர்க்கைத் துழாவும் என்மேப் செயலியை நிறுவி "என்மேப் ஹைஃபன் எஸ்என்" என்பதோடு இடைவெளி விட்டு 192.168.1.0/24 என்று கொடுங்கள். எண்கள் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாறும். போனில் ஃபிங் போன்ற செயலியும் இதைச் செய்யும்.

எதுவும் புரியாதபோது கைகொடுப்பது ஒரு பழைய முறை: பையை அணைத்துவிட்டுப் பட்டியலைக் குறித்துக்கொள்ளுங்கள். இயக்கி 3 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். புதிதாக முளைத்ததுதான் பை.

கண்டுபிடித்தாயிற்று. எப்படி நுழைவது?

விண்டோஸில் பவர்ஷெல், மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினல். "எஸ்எஸ்ஹெச்", ஓர் இடைவெளி, பயனர் பெயர், அட் குறி, பிறகு ஐபி முகவரி அல்லது ஹோஸ்ட்நேம் டாட் லோக்கல். அட் குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. விண்டோஸ் 10க்கு 2018இலிருந்தே எஸ்எஸ்ஹெச் உள்ளேயே இருப்பதால் புட்டி என்ற தனிச் செயலி கட்டாயமில்லை.

முதல் முறை "இந்தக் கணினியை நம்பலாமா" என்று கேட்கும். ஒய் என்ற ஒற்றை எழுத்து போதாது, "யெஸ்" என்று முழுதாகத் தட்ட வேண்டும். கடவுச்சொல் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூடத் தெரியாது. கீபோர்டு பழுதாகவில்லை, தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள்.

பிழைச்செய்திகள் என்ன சொல்கின்றன?

"குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்நேம்": பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. ஐபி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

"கனெக்‌ஷன் டைம்டு அவுட்" அல்லது "நோ ரூட் டு ஹோஸ்ட்": அந்த முகவரியிலிருந்து பதிலே இல்லை. பை அணைந்திருக்கலாம், முகவரி மாறியிருக்கலாம். லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க ரூட்டர் விடாது. சில ரூட்டர்களில் முதன்மை வைஃபையிலும் ஏபி ஐசொலேஷன் என்ற அமைப்பு ஆனாகி இருக்கும். அலுவலக விபிஎன் ஓடும் லேப்டாப்பிலும் இதே கதைதான், விபிஎன்னை நிறுத்திவிட்டு முயலுங்கள்.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு": இது நல்ல செய்தி. அந்த முகவரியில் ஒரு கணினி உயிரோடு இருக்கிறது, ஆனால் 22ஆம் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. எஸ்எஸ்ஹெச் இயங்கவில்லை என்று பொருள். மேலே சொன்ன வெற்றுக் கோப்புதான் மருந்து. ஆனால் அந்த முகவரி இப்போது டிவிக்கோ போனுக்கோ போயிருந்தாலும் இதே செய்தி வரும் என்பதால், முதலில் முகவரியை உறுதிசெய்யுங்கள்.

"கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்": முதல் முறை பூட் ஆகும்போதுதான் பை தன் அடையாளச் சாவிகளை உருவாக்குகிறது. அந்த நேரத்தில் பவர் போனால் சாவிக் கோப்புகள் காலியாக நின்றுவிடும். மானிட்டர் செருகி, "சூடோ எஸ்எஸ்ஹெச்-கீஜென்", இடைவெளி, ஹைஃபன், பெரிய ஏ. காலியான கோப்பு அதே பெயரில் கிடந்தால் அதை அழித்துவிட்டு இந்தக் கட்டளையைக் கொடுங்கள்.

"ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்டு": பெரிய எச்சரிக்கைக் கட்டத்தோடு வரும். வீட்டில் இதற்குப் பொதுவான காரணம், கார்டைப் புதிதாக எழுதியது அல்லது அதே ஐபி வேறொரு பைக்குப் போனது. காரணம் உங்களுக்குத் தெரியும் என்றால் லேப்டாப்பில் "எஸ்எஸ்ஹெச்-கீஜென்", இடைவெளி, ஹைஃபன், பெரிய ஆர், இடைவெளி, முகவரி என்று கொடுத்துப் பழைய பதிவை நீக்குங்கள். நீங்கள் எதையும் மாற்றாமலே இது வந்தால் அவசரப்பட்டு நீக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

கடவுச்சொல் சரிதான், ஆனாலும் "பெர்மிஷன் டினைடு" என்கிறது.

பயனர் பெயர் விடுபட்டிருக்கிறதா பாருங்கள். அதைக் கொடுக்காவிட்டால் உங்கள் லேப்டாப்பின் பயனர் பெயரையே அனுப்பிவிடும். பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு.

இன்னொரு மறைமுகக் காரணம் கீபோர்டு அமைப்பு. பையிலேயே கீபோர்டு செருகி, பிரிட்டன் அமைப்பு இருந்தபோது கடவுச்சொல் வைத்திருந்தால், ஷிஃப்ட் 2 அழுத்தியபோது பதிவானது அட் குறி இல்லை, இரட்டை மேற்கோள் குறி. நம் ஊர்களில் விற்கும் கீபோர்டுகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு என்பதால், லேப்டாப்பில் அதே விசையைத் தட்டும்போது வேறு எழுத்து போகிறது.

ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் தட்டாமல் நுழைய முடியுமா?

முடியும், அதுதான் பாதுகாப்பும்கூட. லேப்டாப்பில் "எஸ்எஸ்ஹெச்-கீஜென் ஹைஃபன் டி ஈடி25519" கொடுங்கள் (ஹைஃபனுக்குப் பின் வருவது டைப் என்பதன் முதல் எழுத்து). இரண்டு கோப்புகள் உருவாகும். டாட் பப் என்று முடிவது பூட்டு, மற்றது சாவி. பூட்டை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் மாட்டலாம், சாவி லேப்டாப்பை விட்டு வெளியே போகக் கூடாது.

மேக்கிலும் லினக்ஸிலும் "எஸ்எஸ்ஹெச்-காபி-ஐடி" பூட்டைப் பைக்கு அனுப்பிவிடும். விண்டோஸில் அந்தக் கட்டளை இல்லை. டாட் பப் கோப்பை நோட்பேடில் திறந்து, அந்த வரியை நகலெடுத்து, பையில் உங்கள் ஹோமுக்குள் டாட் எஸ்எஸ்ஹெச் என்ற ஃபோல்டரில் "ஆத்தரைஸ்டு_கீஸ்" என்ற கோப்பில் ஒட்டுங்கள். நடுவில் வரி உடையக் கூடாது. ஃபோல்டருக்கு அனுமதி 700, கோப்புக்கு 600. ஏதோ பிரச்சினைக்காக ஹோம் ஃபோல்டருக்கே 777 (யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற அனுமதி) கொடுத்து வைத்திருந்தால் எஸ்எஸ்ஹெச் அந்தப் பூட்டை நம்ப மறுத்து மறுபடியும் கடவுச்சொல்லே கேட்கும்.

இது வேலை செய்த பிறகு கடவுச்சொல் நுழைவை மூடலாம். இடிசி, எஸ்எஸ்ஹெச், எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் டாட் டி என்ற ஃபோல்டரில் டாட் கான்ஃப் என்று முடியும் கோப்பு ஒன்றில் "பாஸ்வேர்டுஆத்தென்டிகேஷன் நோ" என்று எழுதி, "சூடோ எஸ்எஸ்ஹெச்டி ஹைஃபன் டி" (ஹைஃபனுக்குப் பின் டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து) மூலம் பிழை இருக்கிறதா என்று சோதித்து, "சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்ஹெச்" கொடுங்கள். இதைச் செய்யும்போது திறந்திருக்கும் ஜன்னலை மூடாதீர்கள். இரண்டாவது ஜன்னலில் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் முதலாவதை மூட வேண்டும். தவறினாலும் திருத்த ஒரு வழி திறந்திருக்கும்.

முகவரி அடிக்கடி மாறுகிறது.

பையில் நிலையான ஐபி வைப்பதைவிட ரூட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இதே ஐபி என்ற அமைப்பு) போடுவதே மேல். ரூட்டரை மாற்றினால் பை புதிய வீட்டுக்குத் தானாகப் பழகிக்கொள்ளும். லேன் போர்ட்டுக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வேறு வேறு. இரண்டையும் பயன்படுத்தினால் இரண்டுக்கும் தனித்தனியே போடுங்கள்.

சற்று நேரம் சும்மா விட்டால் இணைப்பு உறைந்துவிடுகிறது.

வைஃபையின் மின்சேமிப்பு முறையை நிறுத்துங்கள்: "சூடோ என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை ப்ரீகான்ஃபிகர்டு 802-11-வயர்லெஸ் டாட் பவர்சேவ் 2". இமேஜர் உருவாக்கிய இணைப்பின் பெயர்தான் ப்ரீகான்ஃபிகர்டு, உங்களுடையது வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். 2 என்றால் அணை. பிறகு ரீபூட்.

நீண்ட வேலை ஓடும்போது இணைப்பு அறுந்தால் வேலையும் சாகும். அதைத் தடுப்பது டிமக்ஸ் என்ற செயலி. "சூடோ ஏபிடி இன்ஸ்டால் டிமக்ஸ்", பிறகு "டிமக்ஸ்" என்று தட்டி அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். கன்ட்ரோல் பி அழுத்தி விட்டுவிட்டு டி அழுத்தினால் வெளியே வரலாம் (இரண்டும் ஏ, பி, சி, டி வரிசையில் வரும் எழுத்துகள்). மறுநாள் "டிமக்ஸ் அட்டாச்" கொடுத்தால் விட்ட இடத்தில் இருக்கும்.

கோப்புகளை அனுப்ப?

எஸ்எஸ்ஹெச் வேலை செய்தால் அதன் வழியே கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபியும் வேலை செய்யும். ஃபைல்ஜில்லா அல்லது வின்எஸ்சிபியில் அதே முகவரி, அதே பெயர், போர்ட் 22.

டெஸ்க்டாப்பைப் பார்க்க வேண்டும்.

லைட் பதிப்பில் டெஸ்க்டாப்பே கிடையாது, அதை முதலில் உறுதிசெய்யுங்கள். மற்றதில் "சூடோ ராஸ்பி-கான்ஃபிக்", இன்டர்ஃபேஸ் ஆப்ஷன்ஸ், விஎன்சி. மானிட்டர் இல்லாத பைக்கு டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸில் விஎன்சி ரெசல்யூஷனையும் வைத்துவிடுங்கள். லேப்டாப்பில் டைகர்விஎன்சி வியூவர் போதும்.

வெளியூரிலிருந்து வீட்டுப் பைக்குள் நுழையலாமா?

ரூட்டரில் 22ஆம் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்த கதவைத் தேடி நாள் முழுதும் சுற்றும் தானியங்கி நிரல்கள் கடவுச்சொற்களை முயன்றபடியே இருக்கும். பல இணைப்புகளில் அது முடியவும் முடியாது. ரூட்டரின் வேன் முகவரி (இணையத்தின் பக்கம் அதற்குள்ள முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்கிறது என்று பொருள். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரூட்டர் வரை வரவே வராது.

டெயில்ஸ்கேல் என்ற செயலி இந்தச் சிக்கலைத் தாண்டும். பையிலும் லேப்டாப்பிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். 2024 மே மாதம் வந்த ராஸ்பெரி பை கனெக்ட் உலாவியிலேயே திரையையும் கட்டளைச் சாளரத்தையும் தரும். பொது முகவரி உள்ளவர்கள் சொந்தமாக வயர்கார்டு என்ற விபிஎன்னை அமைக்கலாம், அதன் வழக்கமான யுடிபி போர்ட் 51820.

எப்படி அணைப்பது?

"சூடோ ஷட்டவுன் ஹைஃபன் ஹெச் நவ்". பச்சை விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகு பிளக்கை எடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது கார்டைக் கெடுக்கும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் பையையும் ரூட்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பியதும் ரூட்டருக்கு முன்பே பை எழுந்துவிடும், வைஃபை வருவதற்காக அது காத்திருக்கும் சில நிமிடங்களுக்கு நீங்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

மானிட்டரும் இல்லை, நெட்வொர்க்கிலும் கிடைக்கவில்லை. கடைசி வழி?

நெட்வொர்க் இல்லாமலே கட்டளைத் திரையை லேப்டாப்புக்குக் கொண்டுவரும் 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் சீரியல் கேபிள். பை 5இல் இதன் அமைப்பு வேறு, இங்கே சொல்வது மற்ற மாடல்களுக்கு. பூட்எஃப்எஸ் பகுதியிலுள்ள "கான்ஃபிக் டாட் டிஎக்ஸ்டி" கோப்பில் "எனேபிள்_யுஏஆர்டி=1" என்ற வரியைச் சேருங்கள். பையின் ஓரத்திலுள்ள ஜிபிஐஓ ஊசி வரிசையில் 6ஆம் பின் கிரவுண்ட், 8ஆம் பின் பை அனுப்புவது, 10ஆம் பின் பை பெறுவது. கேபிளின் ஆர்எக்ஸ் (பெறுவது) 8க்கும் டிஎக்ஸ் (அனுப்புவது) 10க்கும் குறுக்காகப் போக வேண்டும். கேபிளில் 5 வோல்ட் சிவப்புக் கம்பி இருந்தால் அதை எதிலும் மாட்டாதீர்கள். 5 வோல்ட் சிக்னல் தரும் அடாப்டரையும் தொடாதீர்கள், அது பின்னையே எரித்துவிடும். புட்டியில் சீரியல் தேர்ந்தெடுத்து வேகம் 115200 கொடுத்துப் பையை இயக்குங்கள். பூட் ஆகும் வரிகள் ஓடி, கடைசியில் லாகின் கேட்கும். உள்ளே போனதும் முதலில் "ஐபி ஏ" தட்டிப் பாருங்கள். டபிள்யூலேன்0 என்ற வரியின் கீழ் முகவரி இல்லையென்றால் சிக்கல் வைஃபையில், இருந்தால் எஸ்எஸ்ஹெச்சில்.